சின்னக் குழந்தைங்களுக்கும் கூட வர்றவங்களுக்கும் நம்ம ஏரியாவுல ஒரு இடம் பண்றது எப்படி? சென்னைக்கு ஏத்த முழுமையான வழிகாட்டி

சென்னையில பாதிக்கு மேல பார்க்ல ஒரே செட்டிங்தான். மஞ்சளும் சிவப்புமா ஒரு பிளாஸ்டிக் சறுக்குமரம் செட், 8 வடிவத்துல நடைபாதை, வாயைத் தொறந்துகிட்டு நிக்குற பென்குயின் குப்பைத்தொட்டி. மூணு வயசு பேரனோட வந்த பாட்டிக்கு மட்டும் ஒக்கார இடம் இருக்காது, இருந்தாலும் அது வெயில்ல இருக்கும், இல்லன்னா பையன் கண்ணுக்கே தெரியாத மூலையில இருக்கும். பத்து நிமிஷம் சறுக்குமர ஏணியைப் புடிச்சுகிட்டு நின்னு பார்ப்பாங்க, முட்டி வலி தாங்காம "போதும்டா கண்ணா, வா போலாம்"னு இழுத்துட்டுப் போயிடுவாங்க. பையனுக்கு ஆட்டம் பத்தல, பாட்டிக்கு நிக்க முடியல.

இந்த கைடு முழுக்க இதை வச்சுத்தான். ஆறு வயசுக்குக் கீழ இருக்குற குழந்தை தானா எங்கயும் வராது, யாராவது கூட்டிட்டு வரணும், அவங்க எவ்ளோ நேரம் இருக்க முடியுதோ அவ்ளோ நேரம்தான் குழந்தையும் இருக்கும். அதனால காசு செலவு பண்ற வரிசை முதல்ல வர்ற வழி, அப்புறம் நிழல், ஒக்கார இடம், தண்ணி, கழிப்பறை, இதெல்லாம் ஆனப்புறம் மிச்சம் இருந்தா விளையாட்டுச் சாமான். பொதுவா இதை அப்படியே தலைகீழா பண்ணிடுறாங்க, ஏன்னா சறுக்குமரம் போட்டாத்தான் ரிப்பன் வெட்டி போட்டோ எடுக்க முடியும், நிழலுக்கு யாரு ரிப்பன் வெட்டுவா.

அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல இருக்கீங்களோ, கவுன்சிலர்கிட்ட பேசி தெரு முனை இடத்தைச் சரி பண்ண பாக்குறீங்களோ, அங்கன்வாடி முன்னாடி இருக்குற திண்ணை அளவு இடம்தான் கையில இருக்கோ, எல்லாத்துக்கும் இதே படிகள்தான். அளவு மட்டும் மாறும்.

படி 1: முதல்ல சும்மா ஒக்காந்து பாருங்க

பிளான் வரையுறதுக்கு முன்னாடி அந்த ஏரியாவுல குழந்தைங்க இப்ப எங்க இருக்காங்கன்னு பாருங்க. பார்க்ல இல்லன்னா வேற எங்கயோ இருப்பாங்க, கடை வாசல், அயர்ன் வண்டி பக்கத்துல, ஸ்டில்ட் பார்க்கிங்ல கார் நடுவுல, மொட்டை மாடியில, ஹவுசிங் போர்டு படிக்கட்டுல. காலையில ஸ்கூல் போற நேரம், பதினோரு மணி வாக்குல, சாயங்காலம் நாலரைலேர்ந்து ஏழு வரைக்கும், இந்த மூணு நேரமும் பாக்கணும். வாரநாள்ல ஒண்ணு, ஞாயித்துக்கிழமை ஒண்ணு, ரெண்டும் வேற வேற உலகம்.

ஒரு பேப்பர்ல எழுத வேண்டியது: குழந்தைக்கு என்ன வயசு இருக்கும், கூட வந்தது யாரு (அம்மாவா, தாத்தாவா, எட்டு வயசு அக்காவா), எங்க நின்னாங்க, எவ்ளோ நேரம் இருந்தாங்க, எதுக்காகக் கெளம்புனாங்க. கடைசி கேள்விதான் முக்கியம். வெயில், கொசு, பாத்ரூம், நாய், இருட்டு, இந்த அஞ்சுல ஒண்ணாத்தான் பெரும்பாலும் இருக்கும். அதுதான் உங்க வேலை லிஸ்ட், வேற கன்சல்டன்ட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

இன்னொரு வேலை இருக்கு, கொஞ்சம் கிறுக்குத்தனமா தெரியும் ஆனா கண்டிப்பா பண்ணுங்க. மூணு வயசுக் குழந்தையோட சராசரி உயரம் 95 சென்டிமீட்டர். நெதர்லாந்தைச் சேர்ந்த வான் லீர் பவுண்டேஷன் இந்த நம்பரை வச்சுத்தான் 'அர்பன்95'னு ஒரு வேலையை உலகம் பூரா நடத்துறாங்க, 95 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து ஊரைப் பாத்தா என்னத்தை மாத்துவீங்கங்குறதுதான் அவங்க கேள்வி. நம்ம ஊர்லயும் மத்திய அரசோட ஸ்மார்ட் சிட்டி மிஷன் அவங்களோட சேர்ந்து 2020-ல சின்னக் குழந்தைங்களுக்கான தெரு, பார்க் பண்ண நகரங்களுக்குள்ள ஒரு போட்டியே வச்சாங்க. நீங்க பண்ண வேண்டியது, போன்ல வீடியோ ஆன் பண்ணிட்டு இடுப்புக்கும் கீழ அந்த 95 சென்டிமீட்டர் உயரத்துல புடிச்சுகிட்டு வீட்டு வாசல்லேர்ந்து அந்த இடம் வரைக்கும் நடங்க. அப்புறம் போட்டுப் பாருங்க. பைக் சைலன்சர் கரெக்டா மூஞ்சி லெவல்ல இருக்கும், நிறுத்தி வச்ச காருக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னு ஒண்ணுமே தெரியாது, ஈ.பி. பாக்ஸ் கதவு தொறந்து கெடக்குறது கண்ணுக்கு நேரா தெரியும். அசோசியேஷன் மீட்டிங்ல நீங்க அரைமணி நேரம் பேசுறதை விட இந்த ரெண்டு நிமிஷ வீடியோ நல்லா வேலை செய்யும்.

படி 2: இடம் யாருதுன்னு தெரிஞ்சுக்கோங்க

காலியா கெடக்குதேன்னு கை வச்சுடாதீங்க. சென்னையில இந்த மாதிரி இடத்துக்கு முதல்ல தேட வேண்டியது ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது லேஅவுட் போடுறவங்க பொது வெளிக்குன்னு ஒதுக்க வேண்டிய நிலம் (ஓப்பன் ஸ்பேஸ் ரிசர்வேஷன்). 10,000 சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா ரோடு போக மிச்சத்துல 10 சதவீதம் பொது வெளியா ஒதுக்கிக் குடுத்தே ஆகணும், 3,000-லேர்ந்து 10,000 வரைக்கும்னா நிலமா குடுக்கலாம் இல்ல அதுக்குண்டான வழிகாட்டி மதிப்பைப் பணமா கட்டிடலாம். அப்படி மாநகராட்சிக்கு எழுதிக் குடுத்த நிலம் வேலி போட்டு, முள்ளு மண்டி, ஒரு பழைய டிரான்ஸ்பார்மரும் நாலு ஓட்டை காருமா நிறைய ஏரியாவுல கெடக்கு, குறிப்பா 2011-ல மாநகராட்சியோட சேர்த்த மடிப்பாக்கம், வளசரவாக்கம், அம்பத்தூர் பக்கமெல்லாம். ஜோனல் ஆபீஸ்ல சர்வே நம்பர் வச்சுக் கேட்டா சொல்லுவாங்க, சொல்லலன்னா ஆர்.டி.ஐ. போடுங்க.

அது இல்லன்னா வேற வழி: இருக்குற பார்க்ல ஒரு மூலை, மாநகராட்சி ஸ்கூல் கிரவுண்ட் (சாயங்காலத்துக்கு மட்டும்), அங்கன்வாடி முன்பக்கம், கிளை நூலகத்தோட பக்கவாட்டு, கோயில் குளத்தைச் சுத்தி இருக்குற இடம். மேம்பாலத்துக்கு அடியில பண்ணலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. நிழல் இருக்கு சரி, ஆனா ரெண்டு பக்கமும் வண்டி போற ரோட்டைத் தாண்டித்தான் குழந்தை உள்ள வரணும், புகை வேற அங்கயே நிக்கும், அதனால ஆறு வயசுக்குள்ள இருக்குறவங்களுக்கு அது வேணாம்னுதான் நான் சொல்லுவேன், பெரிய பசங்க ஷட்டில் ஆட குடுத்துடுங்க.

ஒரு பெரிய பார்க்கை விட நாலு சின்ன இடம் மேல். கைக்குழந்தையை இடுப்புல வச்சுகிட்டு ஒரு அம்மா எவ்ளோ தூரம் நடப்பாங்க, அஞ்சு நிமிஷம், அதுவும் மெயின் ரோடு கிராஸ் பண்ணாம இருந்தா. செம்மொழிப் பூங்கா, கதீட்ரல் ரோட்டுல எதிர்ல 2024-ல தொறந்த கலைஞர் நூற்றாண்டு பூங்கா எல்லாம் லீவு நாளுக்கு நல்லா இருக்கும், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வியாசர்பாடி குழந்தைக்கு அது எதுக்கு. பெரும்பாக்கம், கண்ணகி நகர் மாதிரி மறுகுடியமர்வு குடியிருப்புல இது இன்னும் முக்கியம், மூணு நாலு மாடிக்கு மேல போயிட்டா அம்மா கூப்பிடுற சத்தம் கீழ எட்டாது, அதனால ஒவ்வொரு பிளாக் படிக்கட்டு முன்னாடியும் ஒரு சின்ன இடம் இருந்தா போதும், நடுவுல ஒரு பெரிய பார்க் வச்சு புண்ணியமில்ல.

படி 3: கேளுங்க, ஆனா சரியான ஆளுகிட்ட

ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு கிளப் ஹவுஸ்ல மீட்டிங் போட்டா யாரு வருவா, ரிடையர்டு அங்கிள்ஸ் வருவாங்க, பாதி பேர் வாக்கிங் டிராக் அகலம் பண்ணச் சொல்லுவாங்க, மிச்ச பேர் பசங்க சத்தம் போடுறாங்கன்னு கம்ப்ளெயின்ட் பண்ணுவாங்க. அந்த நேரத்துல அம்மாக்கள் சமையக்கட்டுல இருப்பாங்க. நீங்கதான் அவங்க இருக்குற இடத்துக்குப் போகணும். ரேஷன் கடை வரிசை, ஸ்கூல் கேட், அங்கன்வாடி விடுற நேரம், இதெல்லாத்தையும் விட நல்ல இடம் புதன்கிழமை காலையில நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அன்னைக்குத்தான் தடுப்பூசி நாள், கைக்குழந்தை வச்சிருக்கிற அத்தனை பேரும் அங்க காத்துட்டு இருப்பாங்க, பேசவும் நேரம் இருக்கும்.

"உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டா "பார்க் நல்லா இருந்தா சரி"ன்னு முடிச்சுடுவாங்க. கேக்குற விதம் இருக்கு. "ஆயா, நேத்து சாயங்காலம் புள்ளைய எங்க வச்சிருந்தீங்க?"ன்னு ஆரம்பிங்க. "எங்கப்பா போறது, வாசப்படியிலயே குந்திக்கினு இருந்தேன்." "பார்க்குக்குப் போலாம்ல?" "அங்க போனா ஒண்ணுக்கு எங்க போறது, எனக்கும் சுகர், அதுக்கும் அடக்கத் தெரியாது." முடிஞ்சுது, உங்க டிசைனோட பாதி இந்த ஒரு பதில்ல வந்துடுச்சு. கழிப்பறை இல்லாத இடத்துல சுகர் இருக்குற பாட்டியும் ரெண்டு வயசுக் குழந்தையும் அரைமணி நேரத்துக்கு மேல இருக்க மாட்டாங்க, எவ்ளோ பெரிய ஊஞ்சல் போட்டாலும்.

குழந்தைங்ககிட்டயும் கேக்கலாம், வாயால இல்ல. ஒரு சாக்பீஸ் டப்பா, ரெண்டு அட்டைப்பெட்டி, ஒரு பக்கெட் மண்ணு குடுத்துட்டுத் தள்ளி ஒக்காருங்க. எது கிட்ட போறாங்கன்னு பாத்தாலே தெரிஞ்சுடும். மண்ணுதான். எப்பவும் மண்ணுதான்.

படி 4: வர்ற வழியைச் சரி பண்ணுங்க

உள்ள எவ்ளோ அழகா இருந்தாலும் வாசல் வரைக்கும் வர முடியலன்னா பிரயோஜனம் இல்ல. சென்னை மாநகராட்சி 2014-லயே நடக்குறவங்களுக்கும் சைக்கிளுக்கும்னு தனிக் கொள்கை போட்டாச்சு, போக்குவரத்து பட்ஜெட்ல குறைஞ்சது 60 சதவீதம் இதுக்குப் போகணும்னு அதுலயே எழுதியிருக்கு. அதனால நடைபாதை கேக்குறப்போ தயவு பண்ணுங்கன்னு கேக்காதீங்க, உங்க பாலிசிதானேன்னு கேளுங்க.

குறைஞ்சபட்சம் இதெல்லாம்: வாசலுக்கு ரெண்டு பக்கமும் வேகத்தடை, வாசல் முன்னாடி வண்டி நிறுத்தாம இருக்க ஒரு பத்தடி, ஸ்லாப் போட்டு மூடாத மழைநீர் வடிகால் எதுவும் வழியில இல்லாம இருக்கணும், கேட்டை விட்டு ஓடுனா நேரா ரோட்டுல போய் விழாத மாதிரி உள்பக்கம் ஒரு தடுப்பு.

கேட் பத்தி ஒரு சங்கடம் இருக்கு. பைக் உள்ள வரக்கூடாதுன்னு வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரி கம்பி கேட் வைப்பாங்க, அதுல ஸ்ட்ரோலரும் போகாது, வீல்சேரும் போகாது. வீல்சேர் போக 90 சென்டிமீட்டர் வழி விட்டா பைக்கும் வந்துடும். இதுக்கு இன்ஜினியரிங்ல தீர்வு கெடையாது, ஆளு வச்சுத்தான் பாக்கணும். வழியை விடுங்க, பைக்கை வாட்ச்மேனும் அக்கம்பக்கத்துக் கடைக்காரங்களும் பாத்துக்கட்டும்.

படி 5: வெயிலும் மழையும்

சென்னை டிசைன்ல இதுதான் பெரிய சப்ஜெக்ட், கொஞ்சம் பொறுமையா படிங்க.

வெளிநாட்டு கைடுல எல்லாம் சறுக்குமரத்தை வடக்கு பாத்து வைங்க, வெயில் படாதுன்னு போட்டிருப்பாங்க. நம்ம ஊர் 13 டிகிரி வடக்குல இருக்கு, ஏப்ரல் கடைசியிலேர்ந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் மத்தியான சூரியன் நமக்கு வடக்குப் பக்கமா சாஞ்சுதான் இருக்கும், அதாவது கத்திரி வெயில் நேரத்துல வடக்கு பாத்த சறுக்குமரம்தான் நல்லா காயும். அதனால திசையை நம்பாதீங்க, தலைக்கு மேல நிழல் வேணும். அதோட குழந்தைங்க வர்றது நாலு மணிக்கு மேல, அப்போ வெயில் மேற்குலேர்ந்து சாய்வா அடிக்கும், மேற்குப் பக்கம் அடர்த்தியா மரம் வரிசை இருந்தா விளையாடுற நேரம் ஒரு மணி நேரம் கூடிடும். கிழக்குப் பக்கம் முழுச் சுவர் எழுப்பாதீங்க, மத்தியானத்துக்கு மேல கடல்காத்து அந்தப் பக்கம்தான் வரும், கம்பி வேலியா இருக்கட்டும்.

மரம்னா புங்கை முதல்ல, சீக்கிரம் வளரும், அடர்த்தியான நிழல், கோடையிலயே புதுத் தளிர் விட்டு நிக்கும். அப்புறம் வேம்பு, பூவரசு, மகிழம். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்போ குல்மோகர், மஞ்சள் கொன்றை மாதிரி அழகுக்கு வச்ச வெளியூர் மரங்கதான் நிறைய விழுந்துச்சு, குழந்தைங்க இருக்குற இடத்துல பட்டுனு ஒடியுற மரம் வேணாம். அரளி வைக்கவே வைக்காதீங்க, மஞ்சள் அரளியும் சரி, சிவப்பும் சரி, ரெண்டும் விஷம், ரோட்டு நடுவுல வைக்குற அதே செடியை காண்ட்ராக்டர் பழக்கத்துல இங்கயும் கொண்டாந்து வச்சுடுவாரு, பாத்து நிறுத்துங்க. ஆமணக்கு, குண்டுமணி தானா மொளைச்சாலும் புடுங்கிடுங்க. மரம் வளர நாலஞ்சு வருஷம் ஆகும், அதுவரைக்கும் பச்சை நிழல்வலை கட்டுங்க, அக்டோபர்ல காத்து மழைக்கு முன்னாடி கழட்டி வைக்குற மாதிரி கொக்கியோட.

தரை விஷயத்துல ரப்பர் டைல் ஆசை வேணாம். நிழல் இல்லாத இடத்துல அது கொதிக்கும், வெறுங்காலோட வர்ற குழந்தைங்க நம்ம ஊர்ல அதிகம். விளையாட்டுச் சாமானுக்கு அடியில ஆத்து மணலோ கழுவுன மணலோ ஒரு அடி ஆழத்துக்குப் போட்டாலே போதும், விழுந்தா பெருசா அடிபடாது. மிச்ச இடம் மண் தரை, நடக்குற வழி மட்டும் சொரசொரப்பான சிமெண்ட்.

அடுத்தது மழை. 2015, 2023 வெள்ளம் பாத்த ஊருக்கு தண்ணி எங்க நிக்கும்னு சொல்லித் தர வேண்டாம், அந்த ரெண்டு வருஷமும் அந்த இடத்துல எவ்ளோ தண்ணி நின்னுச்சுன்னு பக்கத்து வீட்டுல கேட்டு சுவத்துல மார்க் பண்ணிக்கோங்க. ஸ்விட்ச் போர்டு, லைட் கம்பத்தோட ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் அந்த மார்க்குக்கு மேல. மணல் தொட்டி மேடான பக்கம், உறிஞ்சு கிணறு பள்ளமான பக்கம். இப்ப மாநகராட்சி நிறைய பார்க்ல மழைத்தண்ணியை வாங்கிக்குற ஸ்பாஞ்ச் பார்க் பண்றாங்க, நல்ல விஷயம்தான், ஆனா அந்தப் பள்ளத்தைச் சுத்தி வேலி இருக்கான்னு பாருங்க, சின்னக் குழந்தை மூழ்க அரை அடி தண்ணியே போதும்.

டயர் ஊஞ்சல், டயர் சுரங்கம் எல்லாம் சீப்பா அழகா வரும், ஆனா டயருக்குள்ள தேங்குற மழைத்தண்ணி டெங்கு கொசுவுக்குன்னே செஞ்ச மாதிரி. ஒவ்வொரு டயர்லயும் அடிப்பக்கம் நாலு ஓட்டை போடுங்க, இல்ல உள்ள மண் நிரப்பிடுங்க. முட்டையிலேர்ந்து கொசுவா பறக்க ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும், அதனால மழைக்காலத்துல வாரம் ஒரு தடவை தேங்குன தண்ணி எல்லாத்தையும் கொட்டணும், அதுக்கு மேல விட்டா உங்க பார்க்தான் ஏரியாவுக்கே கொசு சப்ளை பண்ணும்.

படி 6: கூட வர்றவங்களுக்கு

பெஞ்ச்: சீட் உயரம் 45 சென்டிமீட்டர், சாயறதுக்கு முதுகு, ரெண்டு பக்கமும் கைப்பிடி (எந்திரிக்க ஊன்றதுக்கு, இது இல்லாத கிரானைட் பெஞ்ச்ல ஒக்காந்த பாட்டியை ரெண்டு பேர் தூக்கி விடணும்). விளையாடுற இடத்தைப் பாத்த மாதிரி, அதுலேர்ந்து ஏழெட்டு நடைக்குள்ள, நிழல்ல. நாலு பெஞ்சை வரிசையா போடாம எல் மாதிரி மூலை சேர்த்துப் போட்டா ரெண்டு அம்மாக்கள் பேசிக்க முடியும், பேச்சு ஆரம்பிச்சாத்தான் இன்னும் அரைமணி நேரம் இருப்பாங்க, யாரோட குழந்தைக்குப் பேச்சு லேட்டா வந்துச்சு, எந்த டாக்டர்கிட்ட காட்டுனாங்கன்னு எல்லாம் அங்கதான் ஓடும். புதுசா குழந்தை பெத்துட்டு நாலு சுவத்துக்குள்ள தனியா கெடக்குற பொண்ணுக்கு இந்த பெஞ்ச் எவ்ளோ பெரிய விஷயம்னு வீட்டு ஆம்பளைங்களுக்குப் புரியுறது கஷ்டம்.

பாலூட்ட: 2015-லேர்ந்து தமிழ்நாட்டு பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்மார்கள் பாலூட்டும் அறை இருக்கு, ஐடியா நல்ல ஐடியா. பார்க்ல பண்றப்போ பூட்டுற அறையா பண்ணாதீங்க, சாவி எப்பவும் சாப்பிடப் போன ஆளுகிட்டதான் இருக்கும். மூணு பக்கம் தோள் உயரத்துக்கு தட்டி, மேல காத்து வர்ற மாதிரி, உள்ள கைப்பிடி வச்ச ஒரு நாற்காலி, மூத்த குழந்தை நிக்க இடம், அதுலேர்ந்து விளையாடுற இடம் லேசா தெரியணும். முடிஞ்சா ஒரு பேன்.

கழிப்பறை: ஒரு அறையாவது அம்மாவும் குழந்தையும் சேர்ந்து உள்ள போற அளவுக்கு இருக்கட்டும். உள்ள ஒரு கடப்பா கல் ஸ்லாப், மூணு அடிக்கு ரெண்டு அடி, ஓரம் லேசா தூக்கி, டயபர் மாத்த அது போதும், வெளிநாட்டு மடக்கு பலகையெல்லாம் ஆறு மாசத்துல ஒடிஞ்சு தொங்கும். தாழ்ப்பாள் குழந்தை உள்ள மாட்டிகிட்டா வெளியிலேர்ந்து தொறக்குற மாதிரி. பை மாட்ட ஆணி, மூடி போட்ட குப்பைத்தொட்டி, கை கழுவ ரெண்டு உயரத்துல குழாய், சின்னது தரையிலேர்ந்து ஒண்ணரை அடி. தண்ணி லாரி வர்ற ஏரியான்னா டேங்க் அளவை முதல்லயே பெருசா வைங்க, தண்ணி இல்லாத கழிப்பறை இல்லாததை விட மோசம்.

நேரமும் இதுல சேர்த்தி. பத்து மணிக்குப் பூட்டி நாலு மணிக்குத் தொறக்குற பார்க் வாக்கிங் போறவங்களுக்கு சரி, கைக்குழந்தை அம்மாவுக்கு ஓய்வு கெடைக்குறதே பதினோரு மணிக்குத்தான். நிழல் இருந்தா மத்தியானமும் தொறந்து வைங்க.

படி 7: இப்ப விளையாட்டு

ஒரு வயசு முதல் நாலு வயசு வரைக்கும் இருக்குற குழந்தைங்க நாள் பூரா சேர்த்து குறைஞ்சது 180 நிமிஷம் ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொல்லியிருக்கு. ரெண்டு பெட்ரூம் பிளாட்டுக்குள்ள இது நடக்காது. ஆனா இதுக்கு லட்சக்கணக்குல சாமான் வேணும்னும் இல்ல. ஆம்ஸ்டர்டாம்ல ஆல்டோ வான் ஐக்னு ஒரு ஆர்க்கிடெக்ட், ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு ஊரே ஒடிஞ்சு கெடந்தப்போ, 1947-ல ஆரம்பிச்சு காலி மனை, தெரு முனைன்னு கெடைச்ச இடத்துல எல்லாம் நூத்துக்கணக்கான விளையாட்டு இடம் பண்ணாரு. ஒரு மணல் தொட்டி, குட்டிக்கரணம் போட ரெண்டு கம்பி, தாண்டிக் குதிக்க நாலு உருளைக் கல், ஒக்கார பெஞ்ச், அவ்வளவுதான் சாமான். மணல் தொட்டியோட சுவரே அகலமா இருக்கும், அம்மாக்கள் அதுலயே ஒக்காரலாம். நம்ம தெரு முனைக்கு இதை விட நல்ல மாடல் கெடையாது.

தவழுற குழந்தைக்கு: புல்லோ பாயோ விரிச்ச ஒரு நிழல் மூலை, புடிச்சு நிக்க முக்கால் அடி உயர திண்டு, பெரிய பசங்க ஓடி வந்து மிதிக்காத மாதிரி சின்னத் தடுப்பு.

ஒண்ணரைலேர்ந்து மூணு வயசு: மணல், தண்ணி மொள்ள ஒரு மக், ஓட்டை தட்டு, பழைய பாத்திரம், அவங்களே திருகுற ஒரு குழாய், ஏறி எறங்க மூணு படி, ரெண்டடி மண் மேடு. அந்த வயசுல ஏறி எறங்குறதே ஆட்டம்தான்.

மூணுலேர்ந்து ஆறு: சறுக்குமரம், ஊஞ்சல், தரையில நிரந்தரமா வரைஞ்ச பாண்டிக் கட்டம், செப்பு சாமான் வச்சு ஆட ஒரு குட்டி திண்ணை. பெஞ்ச்ல பல்லாங்குழி செதுக்கலாம், ரொம்ப அழகா இருக்கும், ஆனா மூணு வயசுக்குள்ள இருக்குறவங்க பக்கத்துல புளியங்கொட்டை வேணாம், தொண்டையில போய் அடைச்சுக்கும்.

பாதுகாப்புக்கு மூணு அளவு ஞாபகம் வைங்க. கம்பிக்குக் கம்பி இடைவெளி 9 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கணும் இல்ல 23-க்கு மேல இருக்கணும், நடுவுல இருந்தா உடம்பு நுழைஞ்சுடும், தலை மாட்டிக்கும். ஏறுற சாமானைச் சுத்தி ஆறு அடிக்கு எந்தக் கல்லும் சுவரும் பெஞ்சும் கூடாது. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் அது தொங்குற கம்பி உயரத்துல ரெண்டு மடங்கு தூரம் காலியா இருக்கணும், அதனால சின்ன இடத்துல ஊஞ்சலை விட்டுடுங்க, குழந்தைங்க கேப்பாங்கதான், இருந்தாலும். டெண்டர் போடுறப்பவே இந்த அளவெல்லாம் எழுத்துல குடுத்துடுங்க, வந்து எறங்குனப்புறம் சண்டை போட்டு மாத்த முடியாது.

சுவத்துல அ-ஆ, ஏ-பி-சி, தேசத் தலைவர்கள் படம் வரையணும்னு யாராவது ஆசைப்பட்டா வரையட்டும், யாருக்கும் கெடுதல் இல்ல, அதை விளையாட்டு கணக்குல மட்டும் சேர்க்காதீங்க.

மாற்றுத்திறனாளிக் குழந்தைங்களுக்கு தனிப் பார்க் ஒரு பக்கம் இருக்கட்டும், சாந்தோம்ல மாநகராட்சி அப்படி ஒண்ணு பண்ணியிருக்கு, ஆனா அவங்க வீட்டுப் பக்கத்து இடத்துலயும் அவங்க ஆட முடியணும். சரிவு 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரத்துக்கு மேல கூடாது, மணல் தொட்டி ஒரு பக்கம் மேசை உயரத்துல, ஊஞ்சல்ல ஒண்ணு முதுகும் பெல்ட்டும் வச்சது, சத்தம் தாங்காத குழந்தைக்கு ஓரமா ஒரு அமைதியான மூலை. பொருள் பாத்து வாங்குங்க, மெரினாவுல 2022 நவம்பர்ல தொறந்த மரப்பாதை அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல சேதமாயிடுச்சு, கடல் பக்கத்து ஏரியான்னா இரும்பும் வேணாம், உப்புக்காத்துல போல்ட் எல்லாம் ரெண்டே வருஷத்துல துருப்புடிச்சுடும்.

படி 8: கட்டுறதுக்கு முன்னாடி கோலமாவு

பிளான் ரெடி ஆனதும் பேப்பரை மடிச்சு வச்சுட்டு அந்த இடத்துலயே கோலமாவால கோடு போடுங்க. இங்க மணல், இங்க பெஞ்ச், இங்க வழி. பெஞ்சுக்குப் பதிலா வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி, நிழலுக்கு ஷாமியானா, மணலுக்கு நாலு மூட்டை. ரெண்டு மூணு வாரம் சனி ஞாயிறு சாயங்காலம் இப்படியே நடத்துங்க. நாற்காலியை அவங்களே எங்க நகத்திப் போட்டுக்குறாங்கன்னு பாருங்க, அங்கதான் பெஞ்ச் வரணும், ஆர்க்கிடெக்ட் எங்க வரைஞ்சிருந்தாலும். குழந்தைங்க கோட்டை மதிக்காம குறுக்கால ஓடுற வழியைப் பாருங்க, அதுதான் நடைபாதை.

படி 9: அனுமதி, பணம்

மாநகராட்சி இடம்னா வார்டு உதவிப் பொறியாளர், பூங்கா துறை, கவுன்சிலர், இந்த மூணு பேரையும் ஒரே நாள்ல இடத்துக்குக் கூட்டிட்டு வந்து அந்த 95 சென்டிமீட்டர் வீடியோவைக் காட்டுங்க, தனித்தனியா பாத்தா ஒருத்தர் இன்னொருத்தரைக் கைகாட்டுவாங்க. ஏரியா சபைக் கூட்டத்துல கோரிக்கையா எழுதிக் குடுத்து பதிவு பண்ணுங்க. 'நமக்கு நாமே' திட்டத்துல பொதுவா செலவுல மூணுல ஒரு பங்கு மக்கள் போட்டா மிச்சத்தை அரசு போடும், அசோசியேஷனும் நாலு கடைக்காரங்களும் சேர்ந்தா முடியுற காரியம்தான். கம்பெனிங்க சமூகப் பணிக்குன்னு ஒதுக்குற சி.எஸ்.ஆர். பணம் வந்தா வாங்கிக்கோங்க, ஆனா அவங்க சாமான் வாங்கித் தரத்தான் ஆசைப்படுவாங்க, பராமரிப்புக்கு மூணு வருஷத்துப் பணத்தையும் எழுதி வாங்காம கையெழுத்துப் போடாதீங்க.

படி 10: தொறந்ததுக்கப்புறம்

ஒரு நோட்டு வாங்கி வாட்ச்மேன் ரூம்ல ஆணியில கட்டித் தொங்க விடுங்க. தினமும்: மணலை ஒரு தடவை கிளறி கண்ணாடித் துண்டு, நாய் பூனை அசிங்கம் பாக்கணும், ராத்திரி மணல் மேல வலை போட்டு மூடணும். வாரம் ஒரு தடவை: போல்ட், சங்கிலி, ஊஞ்சல் கொக்கி, தேங்குன தண்ணி, லைட். வருஷத்துக்கு ஒரு தடவை செப்டம்பர்ல: மரக்கிளை வெட்டு, வடிகால், கரண்ட் ஒயர். ஒயர்ல சின்ன சந்தேகம் இருந்தாலும் அன்னைக்கே பூட்டிட்டு மாநகராட்சி ஹெல்ப்லைன் 1913-க்கு போன் அடிங்க, கம்ப்ளெயின்ட் நம்பரை நோட்டுல எழுதி வைங்க.

காவலுக்கு ஒரு ஆள் சம்பளத்துக்கு வைக்க முடிஞ்சா அந்த ஏரியா பெண்ணையே வைங்க, பக்கத்துலயே இருப்பாங்க, யார் வீட்டுக் குழந்தைன்னு தெரிஞ்சிருக்கும், ராத்திரி பாட்டிலோட வர்ற கும்பலை விரட்டவும் வாட்ச்மேன் தாத்தாவை விட அவங்களாலதான் முடியும்.

ஆறு மாசம் கழிச்சு படி 1-ல எழுதுன அதே பேப்பரை எடுத்துட்டு அதே மூணு நேரத்துக்குப் போய் ஒக்காருங்க. எத்தனை குழந்தை வந்துச்சுன்னு எண்ணாதீங்க, கூட வந்தவங்க எவ்ளோ நேரம் இருந்தாங்க, எதுக்காகக் கெளம்புனாங்கன்னு எழுதுங்க. முன்னாடி பாத்ரூமுக்காகக் கெளம்புனவங்க இப்ப கொசுவுக்காகக் கெளம்புனா அடுத்த காசு கொசுவுக்கு, இருட்டுனதால கெளம்புனா லைட்டுக்கு. "நாடகம் போடுற நேரமாச்சு"ன்னு கெளம்புனா அதுக்கு மட்டும் நம்மகிட்ட டிசைன் இல்ல.